காதுக்குத் தப்பியது கணக்கில் சிக்கியது: மோஃபை இசைத்தட்டு விவகாரம்

2022 ஜூலை நடுவில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இசைத்தட்டுக் கடை நடத்தும் மைக் எஸ்பொசிட்டோ யூடியூபில் ஒரு காணொளி வெளியிட்டார். மொபைல் ஃபிடெலிட்டி சவுண்ட் லேப், இசைத்தட்டுப் பிரியர்கள் சுருக்கமாக மோஃபை என்று சொல்லும் நிறுவனம், தன் விலையுயர்ந்த மறுவெளியீடுகளை மூல ஒலிநாடாவிலிருந்து நேராகத் தட்டில் ஏற்றுவதில்லை, நடுவில் ஒரு டிஜிட்டல் கோப்பு இருக்கிறது என்று நம்பகமான இடத்திலிருந்து தகவல் வந்திருப்பதாகச் சொன்னார். வெளியே இருப்பவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஹை-ஃபை ரசிகர்களுக்கோ இது தலையில் இடி விழுந்த மாதிரி. டிஜிட்டல் வாடையே படாத ஒலி வேண்டும் என்பதற்காகத்தான் பலர் அந்தத் தட்டுகளை 125 டாலர் கொடுத்து வாங்கி, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள டர்ன்டேபிளில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் நிறுவனமே எஸ்பொசிட்டோவைக் கலிஃபோர்னியாவில் செபாஸ்டபோல் ஊரிலுள்ள தன் இடத்துக்கு அழைத்தது. மாஸ்டரிங் பொறியாளர்கள், அதாவது பதிவான இசையைத் தட்டில் ஏற்றத் தயார்செய்பவர்கள், கேமரா முன் உட்கார்ந்து, ஆமாம், டிஜிட்டல் படி உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இதைப் பெரிய கட்டுரையாக எழுதியது. அதன்படி டிஜிட்டல் படி 2011-இலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனத்தின் வினைல் வெளியீடுகளில் 60 சதவீதம் அந்த வழியில் வந்தவை. 'ஒன்-ஸ்டெப்' என்ற உச்சவிலை வரிசையில் ஒன்றே ஒன்று தவிர மற்ற எல்லாமே அப்படித்தான்.

2011-இலிருந்து 2022 வரை, பதினோரு ஆண்டுகள். இந்தத் தட்டுகளை வாங்கியவர்கள் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இல்லை. கேபிள் மாற்றினால் ஒலி மாறுகிறது, ஊசியின் சாய்வு அரை டிகிரி தவறினால் தெரிகிறது என்று சொல்கிறவர்கள். விமர்சகர்கள் பலர் இந்தத் தட்டுகளை மறுவெளியீடுகளுக்கே உரைகல்லாக வைத்தார்கள். சந்தேகம் கடைசியில் வந்தபோதும் அது காதின் வழியாக வரவில்லை. தகவல் வழியாகவும் எளிய வகுத்தல் கணக்கு வழியாகவும் வந்தது. இந்த விவகாரத்தில் நிறுவனம் செய்த தவறு எவ்வளவு முக்கியமோ, அதே அளவு முக்கியம் இது என்பது என் எண்ணம். எனவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நாற்பதாயிரம் தட்டு எப்படி வரும்?

வினைல் தட்டு தயாராகும் வழி இது. முதலில், லாக்கர் என்ற மெருகுப்பூச்சு பூசிய அலுமினிய வட்டில் (அந்த வட்டையும் லாக்கர் என்றே சொல்வார்கள்) கட்டிங் லேத் என்ற இயந்திரம் தடத்தைக் கீறும். அந்த லாக்கர் மென்மையானது, அதை வைத்துத் தட்டுகளை அச்சிட முடியாது. அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கலை மின்முலாமாகப் படிய வைத்துப் பிரித்தெடுத்தால் எதிர்ப்பிரதி கிடைக்கும். அது ஃபாதர். அதிலிருந்து மறுபடி ஒரு நேர்ப்பிரதி, அது மதர். மதரிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பரைத்தான் அச்சு இயந்திரத்தில் பூட்டி, சூடான பிவிசி உருண்டையை நசுக்கித் தட்டாக்குகிறார்கள். ஒரு ஃபாதரிலிருந்து பல மதர்கள், ஒவ்வொரு மதரிலிருந்தும் பல ஸ்டாம்பர்கள் என்று கிளை பிரிவதால், ஒரே ஒரு ஜோடி லாக்கரிலிருந்து பல்லாயிரம் தட்டுகள் எடுத்துவிடலாம். மூல டேப் ஒருமுறை ஓடினால் போதும்.

ஒன்-ஸ்டெப் இந்தக் கிளைகளை வெட்டிவிடுகிறது. லாக்கரிலிருந்து எடுத்த முதல் உலோகப் பிரதியையே ஸ்டாம்பராகப் பூட்டுகிறார்கள். நடுவில் இரண்டு தலைமுறை குறைகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் நுண்ணிய தேய்மானமும் இரைச்சலும் சேரும் என்பதால் இதில் உண்மையான லாபம் உண்டு. நல்ல ஒன்-ஸ்டெப் தட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஊசி ஓடும்போது, தட்டு ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி. ஆனால் இதற்கு விலை உண்டு. அந்த ஒரு உலோகப் பிரதி தேய்ந்ததும் கதை முடிந்தது. அடுத்த தொகுதிக்குப் புது லாக்கர் கீறியாக வேண்டும். அதாவது மூலத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டியாக வேண்டும்.

அதுவரை அந்த வரிசைத் தட்டுகள் வழக்கமாக 3,500-இலிருந்து 7,500 பிரதிகளுக்குள்தான் வந்தன. அந்த அளவில் யாரும் கணக்குப் போடவில்லை. 2022-இல் மைக்கேல் ஜாக்சனின் 1982 ஆல்பமான 'திரில்லர்' ஒன்-ஸ்டெப்பாக வரப்போகிறது என்று அறிவித்தார்கள். மூல மாஸ்டர் டேப்பைப் பயன்படுத்துகிறோம், 40,000 பிரதிகள் என்றார்கள். ஒரு உலோகப் பிரதி ஆயிரம் தட்டு தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாற்பது லாக்கர். இசையுலகில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றின் மூல டேப்பை ஒரு மறுவெளியீட்டுக்காக நாற்பது முறை ஓட்ட அதன் உரிமையாளரான சோனி விடுமா?

ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு இசைத்தட்டு ஆர்வலர் இதே கேள்வியை வெளிப்படையாகக் கேட்டார். 'திரில்லர்' முதலில் வந்தபோது அதற்கு மாஸ்டரிங் செய்தவர் பெர்னி கிரண்ட்மன். மீண்டும் மீண்டும் ஓட்டினால் டேப் கெட்டுப்போகும், எல்லோரும் அஞ்சுவது அதற்குத்தான் என்ற கருத்தை அவரும் வாஷிங்டன் போஸ்டிடம் சொன்னார். டேப்பில் இசை இருப்பது பிளாஸ்டிக் நாடாமேல் பசையால் ஒட்டிய காந்தத் துகள் படலத்தில். அந்தப் படலம் ஒவ்வொரு முறை ஓடும்போதும் இயந்திரத்தின் உலோகத் தலையில் உரசிக்கொண்டு போகிறது. நாற்பது வயதான நாடாவில் பசை தளர்ந்திருந்தால், ஓட்டிய பிறகு தலையைத் துடைக்கிற பஞ்சில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வருவதில் இசையும் கொஞ்சம் உண்டு.

கணக்கைச் சரியாகப் போட்டால் இரண்டு முடிவுகளில் ஒன்றுதான் வரும். ஒன்று, டேப்பை நாசம் செய்யப் போகிறார்கள். இல்லையென்றால் மூலத்தை ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து நாற்பது லாக்கர் கீறப் போகிறார்கள்.

பிரதி என்றால் எந்தப் பிரதி?

இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். ஒலியை எண்களாக்காமல் அலையாகவே கொண்டுபோவது அனலாக். 'முழுக்க அனலாக்' என்ற சொல்லுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. அனலாக் டேப்பிலிருந்து இன்னொரு அனலாக் டேப்புக்குப் பிரதி எடுத்து, அதிலிருந்து தட்டு வெட்டினாலும் அது முழுக்க அனலாக்தான். அப்படி நிறையவே நடந்திருக்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கடல் கடந்து போன பதிவுகளில் பெரும்பகுதி பிரதி டேப்பிலிருந்து வெட்டியவை. ஒரே தரமுள்ள டேப்பில் ஒரு தலைமுறை பிரதி எடுத்தால் டேப் இரைச்சல் சுமார் 3 டெசிபல் கூடும். வேகத்தில் ஏற்படும் நுண்ணிய நடுக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். உச்ச ஒலிகளின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். இவை அளந்து பார்க்கக் கூடியவை, பழகிய காதுக்குக் கேட்கவும் கூடியவை.

மோஃபை பயன்படுத்தியது டிஎஸ்டி, அதாவது டைரக்ட் ஸ்ட்ரீம் டிஜிட்டல். சோனியும் பிலிப்ஸும் 1999-இல் கொண்டுவந்த சூப்பர் ஆடியோ சிடிக்கு அடிப்படையான முறை இது. சிடியில் விநாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் நுணுக்கத்தில் ஒலியை அளந்து எழுதுகிறார்கள். டிஎஸ்டியில் ஒரே ஒரு பிட்தான், ஆனால் விநாடிக்கு 28 லட்சத்து 22 ஆயிரத்து 400 முறை. அது சிடி வேகத்தைப்போல் 64 மடங்கு. மோஃபை பிற்காலத்தில் எடுத்துக்கொண்டது அதையும் தாண்டி 256 மடங்கு வேகம், விநாடிக்கு ஒரு கோடியே 12 லட்சத்துக்கு மேல். மூல டேப் ஒருமுறை ஓடும், டிஎஸ்டி கோப்பு உருவாகும். அதை மறுபடி அனலாக் சிக்னலாக்கி, அனலாக் கன்சோல் (ஒலியைச் சீர்செய்யும் மேசை) வழியாக லேத்துக்கு அனுப்புவார்கள்.

இந்தப் பிரதியில் இரைச்சல் எவ்வளவு சேரும்? இரைச்சல் குறைப்பு இல்லாத நல்ல ஸ்டூடியோ டேப்பில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே கிடைப்பது 60-இலிருந்து 70 டெசிபல் வரை. வினைலும் ஏறக்குறைய அதே ரகம். சாதாரண சிடியே 96 டெசிபல். டேப்பின் சீறலுக்கு வெகு கீழே டிஜிட்டல் இரைச்சல் கிடக்கும்போது, கேட்பவருக்கு வந்து சேர்வது டேப்பின் சீறல்தான். இந்தக் கோப்பு டேப்பின் குணத்தை, குற்றம் குறையோடு சேர்த்து, அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அனலாக் பிரதியால் அது முடியாது.

இன்னொரு வசதியும் உண்டு. பழைய ஆல்பங்களின் மாஸ்டர் டேப் பெரும்பாலும் வெவ்வேறு நாளில் பதிவான பாட்டுகளை வெட்டி ஒட்டிச் சேர்த்தது. ஒவ்வொரு பாட்டும் வேறு இயந்திரத்தில், தலை சற்றே வேறு கோணத்தில் இருந்தபோது பதிந்திருக்கலாம். டேப்பைப் படிக்கும் தலை அந்தக் கோணத்துக்குச் சரியாக நிற்காவிட்டால் டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டுகளின் மினுக்கம் மங்கும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் மூடுபனியில் நிற்பார். லாக்கரை நேராக வெட்டும்போது ஒரு பக்கம் முழுவதும், இருபது நிமிடம் போல, நிறுத்தாமல் ஓட வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தலையின் திருகை நிதானமாகச் சரிசெய்ய நேரம் கிடையாது. கோப்பாக எடுக்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் நிறுத்தி, தலையைத் திருத்தி, மறுபடி எடுக்கலாம். பொறுமையுள்ள பொறியாளர் கையில் இது நேரடி வெட்டைவிட மூலத்துக்கு நெருக்கமாகவே போய் நிற்கும்.

லேத்துக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்

வெட்டும் அறைக்குள் டிஜிட்டல் நுழைந்தது 2011-இல் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி ஆச்சரியமாக இருக்கும்.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். உரத்த பாஸ் வரும்போது தடம் இருபுறமும் அகலமாக அலையும், மெல்லிய இடத்தில் கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கும். எல்லாத் தடங்களுக்கும் ஒரே அகல இடைவெளி விட்டால் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் கொள்ளும். அதனால் மெல்லிய இடங்களில் நெருக்கியும் உரத்த இடங்களில் விலக்கியும் கீற வேண்டும். அதற்கு, பெரிய டிரம் அடி வருவதற்கு ஏறத்தாழ ஒரு சுற்று முன்பே அது வருகிறது என்று லேத்துக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தடத்தின் சுவரை இடித்துவிடும்.

இதற்காகவே மாஸ்டரிங் டேப் இயந்திரங்களில் இரண்டு படிக்கும் தலைகள் வைத்தார்கள். முதல் தலை படிப்பது லேத்தின் இடைவெளிக் கட்டுப்பாட்டுக்கு. அங்கிருந்து டேப் கூடுதல் உருளைகளைச் சுற்றி வளைந்து போய் இரண்டாம் தலைக்கு வரும், அது படிப்பதுதான் தட்டில் ஏறும். டேப் விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது என்றால், 1.8 விநாடி தாமதத்துக்கு இரண்டு தலைகளுக்கும் நடுவே 68 சென்டிமீட்டர் நாடா வளைந்து கிடக்க வேண்டும். டேப் வேகத்துக்கும் தட்டின் வேகத்துக்கும் ஏற்ப உருளைகளை இடம் மாற்ற வேண்டும். விலையான, வம்பு பிடித்த ஏற்பாடு.

எழுபதுகளின் இறுதியில் டிஜிட்டல் தாமதக் கருவிகள் வந்ததும் வெட்டும் அறைகள் பல அதை விட்டுவிட்டன. ஒரே தலை போதும். நேராக வரும் சிக்னலை லேத்தின் கட்டுப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு, டிஜிட்டலாக்கித் தாமதப்படுத்திய சிக்னலைக் கீறும் ஊசிக்கு அனுப்பினார்கள். ஆமாம், தட்டில் ஏறியது டிஜிட்டலாகிப் பிறகு அனலாக்கான சிக்னல், அதுவும் இன்றைய கருவிகளோடு ஒப்பிட முடியாத அக்காலத்துக் கருவிகள் வழியாக. எண்பதுகளில் வந்த எத்தனையோ தட்டுகள் இப்படிப் பிறந்தவை. இன்று அவற்றைப் பழைய அனலாக் தட்டு என்று தேடிப் பிடித்து வாங்குகிறோம், நன்றாகவும் இருக்கின்றன. டெலார்க் நிறுவனம் 1978-இல் சவுண்ட்ஸ்ட்ரீம் கருவியில் டிஜிட்டலாகவே பதிந்து வெளியிட்ட தட்டுகளின் உறையில் 'டிஜிட்டல்' என்ற சொல் பெருமையோடு அச்சாகியிருந்தது. ஹை-ஃபை கடைகள் ஸ்பீக்கரைக் காட்டிப் பார்க்க அவற்றைத்தான் போட்டன.

காது ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?

பதினோரு ஆண்டுகளாக யாரும் கண்டுபிடிக்காததால் டிஎஸ்டி கேட்கவே கேட்காது என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு எளிதில் முடிக்க முடியாது. ஒரே டேப்பை நேராகவும் டிஎஸ்டி வழியாகவும் வெட்டி, இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்து யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. ஒப்பிட எதுவும் இல்லாதபோது குறை தெரியாமல் போவதில் வியப்பில்லை. நேராக வெட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று ஒருவர் சொன்னால், இந்த விவகாரத்தை மட்டும் வைத்து அவரை மறுக்க முடியாது.

ஆனால் டிஜிட்டலுக்கு எதிரான பழைய வாதம் இந்த அளவு அடக்கமாக இருந்ததில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கண்ணாடித்தன்மை உண்டு, அது களைப்பைத் தருகிறது, ஒப்பீடே வேண்டாம், உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்டாலே உடம்புக்குத் தெரியும் என்றுதான் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அந்த வாதம் இங்கே விழுந்துவிட்டது. கண்ணாடித்தன்மை, களைப்பு என்று யாரும் இந்தத் தட்டுகளைக் குறை சொல்லவில்லை. வெதுவெதுப்பு, மூச்சு, இயல்பு என்று அனலாக்குக்கே உரிய சொற்களால் புகழ்ந்தார்கள். புகழ்ந்ததில் பொய் இல்லை என்றே நான் நம்புகிறேன். அவர்கள் கேட்ட வெதுவெதுப்பு டேப்பிலும் தட்டிலும் நிஜமாகவே இருக்கிறது. நடுவில் நின்ற கோப்பு அதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டுப்பாடான சோதனைகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர டிஜிட்டல் வட்டுகளை நேராகவும், நடுவில் சாதாரண சிடி தரத்துக்கு இறக்கி மறுபடி ஏற்றும் கருவியைச் செருகியும் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டினாலும் அதுதான் கிடைக்கும். பயன்படுத்திய வட்டுகளில் சில உண்மையிலேயே உயர்தரப் பதிவா என்ற எதிர்ப்பு எழுந்தது, நியாயமான எதிர்ப்புதான். 2016-இல் லண்டனில் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, கேட்பவர்கள் 52.3 சதவீதம் சரியாகச் சொன்னது தெரிந்தது. பயிற்சி பெற்றவர்கள் அதைவிடக் கணிசமாக மேலே, சுமார் 60 சதவீதம் வரை போனார்கள். ஆக, வித்தியாசம் பூஜ்யம் இல்லை, இருந்தாலும் சிறியது. அதுவும் சிடி தரத்துக்கும் அதற்கு மேலான தரத்துக்கும் இடையேயான வித்தியாசம். மோஃபை எடுத்தது மேலான தரத்தில்.

இதற்குப் பக்கத்தில் வினைலின் சொந்தக் குறை ஒன்றை வைத்துப் பாருங்கள். 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில், ஊசிக்கு அடியில் தடம் விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். ஒரே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் 'ஸ' போன்ற சீறல் எழுத்துகள் கரகரக்கும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைக் கவனமாகப் பொருத்தாத வீட்டில் இது பட்டென்று கேட்கும். முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இவ்வளவு வித்தியாசத்தைத் தாங்கிக்கொண்டு ரசிக்கிறோம். அப்படியிருக்க, நடுவே நின்ற ஒரு டிஎஸ்டி படி இசையைக் கொன்றுவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தவறு எங்கே?

ஒலியில் குறை இல்லை என்றால் நிறுவனம் செய்தது சரியா? இல்லை. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு ஒருபக்கமாகிவிடும்.

1977-இல் தொடங்கிய மோஃபை, பாதி வேகத்தில் தட்டு வெட்டும் முறையால் பெயர் வாங்கியது. உறையின் உச்சியில் 'ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்' என்ற பட்டை அதன் அடையாளம். 1999-இல் நொடித்துப்போன நிறுவனத்தைச் சிகாகோவைச் சேர்ந்த ஜிம் டேவிஸ் வாங்கி மறுபடி நிற்க வைத்தார். மூல டேப்பிலிருந்தே செய்தோம் என்பது அந்தப் பட்டை தரும் வாக்கு. டிஎஸ்டிக்குப் பிறகும் அது சொல்லளவில் பொய் இல்லை, மூல டேப்தான் ஓடியது. ஆனால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஒன்-ஸ்டெப் பெட்டியோடு வந்த தாளில் ஃபாதர், மதர் என்ற படிகளைத் தவிர்ப்பதைப் படம் போட்டு விளக்கினார்கள். உலோகப் படிகளை ஒவ்வொன்றாகக் காட்டியவர்கள் டிஜிட்டல் படியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இத்தனைக்கும் அவர்களே வெளியிடும் சூப்பர் ஆடியோ சிடிகளில் டிஎஸ்டியை நல்ல விஷயமாகத்தான் விளம்பரம் செய்தார்கள். வினைல் வாங்குபவருக்கு மட்டும் அந்தச் சொல் கண்ணில் படவில்லை.

2022 ஜூலை இறுதியில் டேவிஸ் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். தெளிவில்லாத சொற்களைப் பயன்படுத்தியதையும், தவறான கதைகள் பரவ விட்டதையும், வாடிக்கையாளர்களின் நம்பிக்கைக்கு உரிய மதிப்புத் தராததையும் அதில் ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் சுற்றி வளைக்காத அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் 2011-இல் உறையில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. விற்பனை கொஞ்சம் அடி வாங்கியிருக்கும் என்பது உண்மைதான். அதே சமயம், நாட்டிலேயே கண்டிப்பான காதுகள் டிஜிட்டல் படியுள்ள வினைலை விருப்பத்தோடு ஏற்றுக்கொண்ட வரலாற்றை அவர்கள் தைரியமாகச் சொல்லியிருக்கலாம். அந்த வாய்ப்பு வீணானது. டிஜிட்டல் படியை ஒளித்ததாலேயே அது ஏதோ ஒளிக்க வேண்டிய குற்றம் என்ற எண்ணம் ஊர்ஜிதமாகிவிட்டது. இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

அப்புறம் வழக்கு. அமெரிக்காவில் வாங்கியவர்கள் குழு வழக்குகள் போட்டார்கள். நிறுவனம் குற்றத்தை ஏற்கவில்லை, சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 2.5 கோடி டாலர் வரை என்று செய்தி வந்தது. 2011 மார்ச்சிலிருந்து 2022 ஜூலை வரை வாங்கியவர்களுக்கு மூன்று வழிகள்: தட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம், தட்டை வைத்துக்கொண்டு விலையில் 5 சதவீதத்தைப் பணமாகப் பெறலாம், அல்லது 10 சதவீதத்துக்குக் கூப்பன் பெறலாம். வழியை வகுத்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, இது காதுக்கு வைத்த நல்ல பரீட்சை. அந்தத் தட்டு தன் அலமாரியிலேயே சிறந்த ஒலி என்று நேற்றுவரை சொன்னவர், இன்று அதைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்புவாரா, கூப்பனோடு வைத்துக்கொள்வாரா? ஏமாற்றப்பட்ட கோபத்தில் திருப்பினால் அதில் தவறில்லை, அது அவர் உரிமை. ஒலி கெட்டுவிட்டது என்று சொல்லித் திருப்பினால், தட்டில் ஒரு தடம்கூட மாறவில்லை என்பதை அவர் யோசித்துப் பார்க்கலாம்.

இனி வாங்கும்போது

விவகாரத்துக்குப் பிறகு மோஃபை தன் வெளியீடுகளுக்கு ஒலி வந்த பாதையை வெளியிடத் தொடங்கியது. எந்த அகல டேப், விநாடிக்கு எத்தனை அங்குல வேகம், அடுத்து டிஎஸ்டி எத்தனை மடங்கு, அங்கிருந்து அனலாக் கன்சோல், லேத் என்று ஒரே வரியில் சொல்கிறார்கள். வேறு மறுவெளியீட்டு நிறுவனங்களிடமும் ரசிகர்கள் இந்த வரியைக் கேட்டு வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்.

ஆனால் அந்த வரியில் டிஎஸ்டி இருக்கிறதா என்று மட்டும் தேடிவிட்டு முடிவெடுப்பவர்கள் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள். ஓட்டிய டேப் முதல் தலைமுறையா, பிரதியா என்று முதலில் பாருங்கள். முதல் தலைமுறையிலிருந்து டிஎஸ்டி வழியாக வந்த தட்டு, மூன்றாம் தலைமுறைப் பிரதியிலிருந்து முழுக்க அனலாக்காக வந்த தட்டைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மாஸ்டரிங் செய்தவர் யார் என்று பாருங்கள். ஒலிச் சமநிலையை அவர் எப்படி வைத்தார் என்பது உங்கள் ஸ்பீக்கரில் வந்து சேரும் ஒலியை டிஜிட்டலா அனலாக்கா என்பதைவிடப் பல மடங்கு மாற்றும். எந்த ஆலையில் அச்சானது என்பதும் முக்கியம். நடுத்துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் பியானோவின் நீண்ட சுரங்கள் அலைய ஆரம்பித்துவிடும். அதை எந்தப் பாதை வரியும் சொல்லாது.

உங்கள் காதுக்கு டிஜிட்டல் படி கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே வழி உண்டு. ஃபோனோ பிரீஆம்ப்பிலிருந்து (ஊசியின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் கருவி) வரும் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஆம்ப்ளிஃபயரின் ஒரு உள்ளீட்டுக்கு நேராகக் கொடுங்கள். இன்னொன்றை நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக டிஜிட்டலாக்கி, உடனே அனலாக்காக மாற்றி, இரண்டாம் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். சோதனைத் தட்டிலுள்ள ஒரே சுரத்தைப் போட்டு மல்டிமீட்டரால் அளந்து, இரண்டு பாதையின் ஒலி அளவும் 0.1 டெசிபலுக்குள் ஒத்துப்போகும்படி வையுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் சோதனையே வீண், ஏனென்றால் சற்றே உரத்த ஒலியைத் தெளிவான ஒலி என்று காது எடுத்துக்கொள்ளும். டிஜிட்டல் பாதை சில மில்லிவிநாடி பின்தங்கி வரும், அதனால் பாதி சுரத்தில் மாற்றாமல் ஒவ்வொரு முறையும் ஒலியைச் சற்று நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும். மாற்றுவதை வேறொருவர், உங்கள் பார்வைக்கு மறைவாக, நாணயம் சுண்டிச் செய்ய வேண்டும். 16 முறை கேட்டு 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உங்களுக்குக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் ஊகத்தால் அது நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. உங்களுக்கு மிகவும் பழக்கமான தட்டையே போடுங்கள், வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

'திரில்லர்' ஒன்-ஸ்டெப் 2022 இறுதியில் வந்தது. டிஎஸ்டி 256 என்று இந்த முறை வெளிப்படையாகச் சொல்லியே விற்றார்கள்.